ஊசியின் அளவைக் கடைசியாக மாற்றுங்கள்

கேள்வி:

மதிப்புக்குரிய டொக்டர் அவர்களுக்கு,

எனக்கு வயது 57. கொட்டாஞ்சேனையில் மகனுடன் இருக்கிறேன். நீரிழிவு வந்து 14 வருடங்கள் ஆகின்றன. இரண்டு வருடங்களாக 30/70 இன்சுலின் போடுகிறேன். காலையில் 22 யூனிட், இரவில் 14. மெட்போர்மின், கிளிக்லசைட் மாத்திரைகளும் உண்டு. காலைச் சீனி 120, 130 என்று ஒழுங்காகவே இருந்தது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு 190, 210 என்று ஏறத் தொடங்கியது. பலகாரம் சாப்பிட்டதால்தான் என்று நினைத்தேன். குறையாததால் இரவு ஊசியை நானே 16, 18, 20 என்று கூட்டினேன். அப்படியும் இறங்கவில்லை.

சித்திரையில் சென்னையிலிருந்து வந்த மைத்துனர் ஆறு குப்பி இன்சுலின் வாங்கித் தந்தார். நான்கைப் பாவித்துவிட்டு, இரண்டை அவசரத்துக்கு எடுத்து வைத்தேன். ஆடி பிறந்ததும் மறுபடி கிளினிக்கில் தரும் குப்பிக்கு மாறினேன். அந்த வாரமே ஓர் இரவு 2 மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி எழுந்தேன். பேச்சுக் குழறியது என்று மகன் சொன்னான். சீனித் தண்ணீர், பிஸ்கட், இரண்டு வாழைப்பழம், பால் தேநீர் எல்லாம் தந்தான். காலையில் 268. அதன்பின் பயத்தில் சில இரவுகள் ஊசியே போடுவதில்லை.

டொரன்டோவில் இருக்கும் மகள் அனுப்பிய மீட்டர் 9, 10 என்று காட்டுகிறது. பழைய மீட்டரில் 170, 180. எதை நம்புவது? ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். ஐப்பசியில் கந்தசஷ்டி விரதம் பிடிக்கலாமா? இரவில் எத்தனை யூனிட் போட வேண்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள்.

ஒரு வாசகி, கொழும்பு 13

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றிரவும் நீங்கள் ஊசியை எடுக்க வேண்டும். 20 போடாதீர்கள். போடாமலும் விடாதீர்கள். உங்கள் டொக்டர் கிளினிக் கொப்பியில் எழுதிய 14-க்குத் திரும்புங்கள், அதுவும் கிளினிக் தந்த குப்பியிலிருந்து மட்டும். படுக்கப் போகுமுன் ஒருமுறை, அதிகாலை 3 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து இன்னொரு முறை சீனி பாருங்கள். படுக்கும்போது 100-க்குக் கீழே இருந்தால் ஒரு துண்டு பாணோ, ஒரு குவளை பாலோ எடுத்துக்கொண்டு படுங்கள். அடுத்த கிளினிக் திகதி எப்போதாக இருந்தாலும் சரி, இந்த வாரத்திலேயே போய்க் காட்டுங்கள். புதிய அளவு எதுவானாலும் உங்களை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும்.

இனி, உங்கள் கடிதத்தை நான் இரண்டாம் முறை படித்தபோது கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். சீனி ஏறியது சித்திரைக்குப் பிறகு. சென்னைக் குப்பிகள் வந்ததும் சித்திரையில். கிளினிக் குப்பிக்குத் திரும்பிய அதே வாரத்தில் இரவு மயக்கம். நீங்கள் பலகாரத்தின்மேல் பழி போட்டீர்கள். நான் முதலில் சந்தேகப்படுவது குப்பியைத்தான்.

எழுந்துபோய் அந்த இரண்டு குப்பிகளில் ஒன்றை எடுத்து, மூடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் சிறிய எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். ஒரு மில்லிலீட்டரில் எத்தனை யூனிட் என்று அதில் போட்டிருக்கும். இந்தியாவில் விற்கும் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிலீட்டருக்கு 40 யூனிட். இங்கே கிளினிக்கில் தரப்படும் குப்பி ஒரு மில்லிலீட்டருக்கு 100 யூனிட். இரண்டும் ஒரே பருமன், ஒரே வெள்ளை நிறம், ஒரே 30/70. ஆனால் ஒன்று மற்றதைவிட இரண்டரை மடங்கு செறிவானது. இந்தியாவில் 40 யூனிட் மருந்துக்கென்று சிவப்பு மூடியுடன் தனியாக ஒரு சிரிஞ் உண்டு. இங்கே நாம் பாவிக்கும் செம்மஞ்சள் மூடிச் சிரிஞ்சின் கோடுகள் 100 யூனிட் மருந்துக்காகப் போடப்பட்டவை.

என் சந்தேகம் சரியென்றால் நடந்தது இதுதான். சென்னைக் குப்பியிலிருந்து நம்முடைய சிரிஞ்சில் 14 என்ற கோடுவரை இழுத்த நாட்களில் உங்கள் உடம்புக்குப் போனது 14 யூனிட் இல்லை, 5.6 யூனிட். காலையில் 22 என்று போட்டது 8.8. அரைவாசிக்கும் குறைவான மருந்தில் சீனி 200-க்கு ஏறாமல் என்ன செய்யும்? நீங்கள் 20 வரை கூட்டிய பிறகும் உள்ளே போனது 8 யூனிட்தான். ஆடியில் கிளினிக் குப்பிக்கு மாறினீர்கள். கை மட்டும் பழக்கத்தில் அதே 20 கோட்டுக்குப் போயிற்று. நேற்றுவரை 8 யூனிட் கண்ட உடம்பு அன்று 20 யூனிட்டைக் கண்டது. அந்த இரவு நீங்கள் வியர்த்து எழுந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பேச்சுக் குழறும் அளவுக்கு இறங்கிய சீனி உயிரை எடுக்கக்கூடியது. மகன் விழித்துக்கொண்டது பெரிய காரியம்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. இங்கிருந்து சென்னைக்குக் கோயிலுக்கும் கல்யாணப் புடவைக்கும் மருத்துவத்துக்கும் போகிறவர்கள் ஏராளம். நம்முடைய 100 யூனிட் குப்பியைக் கொண்டுபோய், சிரிஞ் முடிந்துவிட்டதென்று அங்கே ஒரு சிவப்பு மூடிச் சிரிஞ் வாங்கினால், அதில் 20 கோடுவரை இழுக்கும்போது உடம்புக்குப் போவது 50 யூனிட். குப்பியும் சிரிஞ்சும் எப்போதும் ஒரே யூனிட் கணக்குக்கான ஜோடியாக இருக்க வேண்டும். பயணத்தில் இரண்டையும் வீட்டிலிருந்தே, போதிய அளவு, கைப்பையில் கொண்டுபோங்கள். விமானத்தின் சாமான் அறையில் மருந்து உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் கழிவுதான்.

இந்தப் பதிலுக்கு ஏன் இப்படி ஒரு தலைப்பு வைத்தேன் என்றால், சீனி ஏறினால் ஊசியைக் கூட்டுவது, இறங்கினால் ஊசியை விடுவது என்பதையே எல்லோரும் முதலில் செய்கிறார்கள். டொக்டர்மாரும் செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் வெள்ளவத்தையிலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் வருவார். கொப்பியை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். ஒவ்வொரு முறையும் காலைச் சீனி 220, 240. ஒவ்வொரு முறையும் நான் நான்கு யூனிட் கூட்டி எழுதினேன். ஆறு மாதத்தில் அவருடைய அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. ஒருநாள் காலில் புண் என்று வார்டில் அனுமதிக்கப்பட்டார். தாதி, கொப்பியில் நான் எழுதிய அதே அளவைத் தொடையில் போட்டார். நான்கு மணி நேரத்தில் சீனி 48. மறுநாள் காலையில்தான் நான் முதன்முதலாக அவருடைய சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தொப்புளின் இரண்டு பக்கமும் தேசிக்காயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்ததுபோல இரண்டு மேடுகள். தொட்டால் ரப்பர்போல இருந்தன. “அங்கே குத்தினால் வலிக்காது டொக்டர், அதனால்தான் அங்கேயே போடுவேன்” என்றார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டதால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி வளர்ந்து, உணர்ச்சி மங்கிப்போயிருந்தது. அதற்குள் போன மருந்து அங்கேயே தேங்கி, ஒருநாள் கொஞ்சம், ஒருநாள் நிறைய என்று தன் இஷ்டத்துக்குக் கசிந்தது. ஆறு மாதம் நான் பார்த்தது கொப்பியை, வயிற்றைப் பார்க்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது. அன்றிலிருந்து யாராவது இன்சுலின் போடுகிறேன் என்றால் எனது முதல் வேலை சட்டையைத் தூக்கச் சொல்வதுதான்.

நீங்களும் இன்று குளிக்கும்போது, சவர்க்காரம் பட்டு வழுக்கும் விரல்களால் வயிற்றையும் தொடையையும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கட்டி விரலுக்குத் தெரியும். இருந்தால் அந்த இடத்தை மாதக்கணக்கில் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் தானாகவே வற்றும். ஆனால் ஒன்று: கட்டியை விட்டு நல்ல தோலுக்கு மாறும்போது அதே அளவு மருந்து திடீரென்று நன்றாக வேலை செய்யும், அந்தப் பெரியவருக்கு நடந்ததுபோல. அதனால் கட்டி தட்டுப்பட்டால் கிளினிக்கில் காட்டி, அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்ட பிறகு இடம் மாறுங்கள். மாறிய முதல் சில நாட்களில் அடிக்கடி சீனி பாருங்கள். பிறகு தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் விட்டு, வயிற்றை நான்கு காணியாகப் பிரித்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குத்துக்கும் அடுத்ததற்கும் ஒரு விரல் இடைவெளி போதும். ஊசி முனை ஒவ்வொரு முறையும் புதியதாக இருப்பது நல்லது. மழுங்கிய முனை தோலைக் கிழிக்கும், கட்டி வரவும் அதுவே வழி செய்யும்.

உங்கள் மருந்தைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 30/70 என்றால் 30 பங்கு விரைவாக வேலை செய்யும் தெளிவான இன்சுலின், 70 பங்கு மெதுவாக வேலை செய்யும் கலங்கலான இன்சுலின். குப்பியைச் சும்மா வைத்திருந்தால் கலங்கல் அடியில் படியும். கலக்காமல் இழுத்தால் இன்று மேலே உள்ள தெளிவு, குப்பி முடியும் வாரத்தில் அடியில் உள்ள கலங்கல் என்று ஒவ்வொரு நாளும் வேறு வேறு மருந்து போட்டதாகிவிடும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ரொட்டி மாவை உருட்டுவதுபோலப் பத்து முறை உருட்டுங்கள். பிறகு மெதுவாகப் பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஒரே பால் நிறமாக வர வேண்டும். குலுக்க வேண்டாம், நுரைத்தால் காற்றும் சேர்ந்து வரும். உருட்டிய பிறகும் கட்டிகட்டியாகவோ, கண்ணாடியில் வெண்பொடி ஒட்டியதுபோலவோ தெரிந்தால் அந்தக் குப்பியைப் பாவிக்காதீர்கள்.

விரைவான பங்கு அரைமணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போடச் சொல்கிறோம். உங்கள் வீட்டில் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. கொழும்பில் நான் அடிக்கடி கேட்பது இது: அம்மா 7 மணிக்கு ஊசி போட்டுவிடுவார், மகன் வேலை முடிந்து, பஸ் நெரிசலில் வந்து சேர 9 மணியாகும், அவருக்காகக் காத்திருந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பாசம் புரிகிறது. ஆனால் ஊசி போட்ட பிறகு காத்திருக்கக் கூடாது. மகன் படியேறி வந்த பிறகு ஊசி போடுங்கள், அவர் முகம் கழுவி உடை மாற்றுவதற்குள் அரைமணி போய்விடும். தினமும் நேரம் மிகவும் மாறுமென்றால் நீங்கள் முன்னதாகச் சாப்பிட்டுவிட்டு, அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

மெதுவான பங்கு நான்கு மணி நேரத்துக்குப் பிறகு உச்சத்துக்குப் போய், பல மணி நேரம் அங்கேயே நிற்கும். இரவு 8, 9 மணிக்குப் போட்ட ஊசியின் வலு 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் அதிகம். நீங்கள் எழுந்தது 2 மணிக்கு. கிளிக்லசைட்டும் சீனியை இறக்கும் மாத்திரைதான், ஊசியோடு சேரும்போது இறக்கம் இன்னும் கூடும். அந்த மாத்திரை இனியும் தேவையா என்று டொக்டரிடம் கேளுங்கள். 14 வருட நீரிழிவு என்பதால் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடம்பில் நீண்ட நேரம் தங்கும். பழைய அளவே அப்போது அதிகமாகிவிடும்.

அந்த இரவைப் பற்றி மகனிடமும் ஒரு வார்த்தை. தம்பி, நீங்கள் செய்தது சரி, அளவுதான் கூடிவிட்டது. சீனி 70-க்குக் கீழே என்றால், அல்லது மீட்டர் கையில் இல்லாமல் வியர்வையும் நடுக்கமும் கண்டால், மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் குவளை தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அது 15 கிராம் அளவு வரும். பிறகு 15 நிமிடம் பொறுங்கள். அந்த 15 நிமிடம் மிக நீளமாகத் தெரியும். அம்மா நடுங்கிக்கொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க யாருக்கும் முடியாது, கண்ணில் பட்டதையெல்லாம் ஊட்டத் தோன்றும். பொறுத்திருந்து மறுபடி சீனி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு மூன்று தேக்கரண்டி. ஏறிய பிறகு ஒரு துண்டு பாணோ இரண்டு பிஸ்கட்டோ போதும். சொக்லட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதமாக்கும். சீனிக்குப் பதிலாகத் தேநீரில் போடும் இனிப்பு மாத்திரையை அவசரத்தில் மாறிக் கொடுத்துவிடாதீர்கள், அதில் சீனியே இல்லை. அம்மா விழுங்க முடியாத நிலையில், கூப்பிட்டால் பதில் இல்லாமல் கிடந்தால், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்துவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். மூன்று தேக்கரண்டி சீனி அளந்து போட்ட ஒரு சிறிய போத்தலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால் இருட்டில் சமையலறைக்கு ஓட வேண்டியதில்லை.

காலையில் 268 வந்ததற்குப் பிஸ்கட்டும் பழங்களும் பெரிய காரணம். சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும்போது உடம்பும் பயந்து, ஈரலில் சேமித்து வைத்ததை அவிழ்த்துவிடும், அதுவும் சேர்ந்திருக்கும். அந்த 268-ஐப் பார்த்து நீங்கள் அன்றிரவு ஊசியைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. காலைச் சீனி ஏறியிருப்பதற்கு இரவு மருந்து போதாததும் காரணமாகலாம். விடியற்காலையில் உடம்பு தானாகச் சுரக்கும் ஹோர்மோன்களும் காரணமாகலாம். இரவில் தாழ்ந்து, பயத்தில் சாப்பிட்டதும் காரணமாகலாம். மூன்றுக்கும் காலை எண் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துக் காட்டுவது 3 மணி எண் மட்டும். அதனால்தான் ஒரு வாரத்தில் மூன்று இரவாவது அந்த நேரத்தில் எழச் சொல்கிறேன். மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பின் விலை எனக்குத் தெரியும். தினமும் காலையில் மட்டும் ஒன்று செலவழிப்பதைவிட, கிளினிக்குக்கு முந்திய வாரத்தில் நேரம் மாற்றி மாற்றிச் செலவழியுங்கள்: சாப்பாட்டுக்கு முன், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கும்போது, 3 மணிக்கு. பக்கத்தில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை யூனிட் போட்டீர்கள், எந்தக் குப்பி என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஊசியை விட்ட இரவுகளையும் மறைக்காமல் எழுதுங்கள். அதைப் பார்த்து யாரும் ஏச மாட்டார்கள். ஏசினால் அது அவர்கள் பிழை.

விரல் குத்துமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் வெட்டிய கையோடு குத்தி 300 கண்டு அலறியடித்து ஓடி வந்தவரை நான் பார்த்திருக்கிறேன்; கழுவிவிட்டுக் குத்தியபோது 140.

மகள் அனுப்பிய மீட்டரும் பழைய மீட்டரும் ஒன்றைத்தான் சொல்கின்றன. கனடாவிலும் இங்கிலாந்திலும் சீனியை மில்லிமோலில் அளக்கிறார்கள், இங்கே மில்லிகிராமில். அந்த எண்ணை 18-ஆல் பெருக்குங்கள்: 10 என்றால் 180. உங்களைப் போன்றவருக்குச் சாப்பாட்டுக்கு முன் 80-க்கும் 130-க்கும் இடையில் இருப்பது பொதுவான இலக்கு. அந்த மீட்டரில் ஏறக்குறைய 4.4 முதல் 7.2 வரை. 3.9 என்று காட்டினால் அதுதான் 70, உடனே சீனித் தண்ணீர். இரண்டு கணக்கையும் மாறி மாறிப் பார்த்துக் குழம்புவதைவிட, ஸ்ட்ரிப் இங்கே எதற்குக் கிடைக்கிறதோ அந்த மீட்டரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பேச்சுக் குழறிய ஓர் இரவு வந்துபோன பிறகு, அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் டொக்டர் இலக்கைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தால் ஆச்சரியப்படாதீர்கள். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. சிவப்பு இடியப்பம் என்றாலும் பத்து இடியப்பம் பத்துத்தான். எதைச் சாப்பிட்டாலும் தினமும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே நேரம் என்று இருந்தால் ஊசிக்கும் அதற்கும் பொருத்தம் வரும். காய்ச்சல் வந்து சாப்பிட முடியாமல் போனால், டெங்கு சுற்றும் காலத்தில் இங்கே அது அடிக்கடி நடக்கிறது, ஊசியை முற்றாக நிறுத்தாதீர்கள். காய்ச்சலே சீனியை ஏற்றும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சீனி பாருங்கள், தண்ணீர் குடியுங்கள், அன்றே டொக்டரிடம் காட்டுங்கள். வாந்தி நிற்காவிட்டால் மெட்போர்மினை நிறுத்திவிட்டு நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கந்தசஷ்டி. ஆறு நாளும் முருகனுக்கு இருந்து, சூரன் போர் பார்த்துப் பாறணை செய்வது உங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்; எங்கள் வீட்டிலும் அம்மா கடைசிவரை பிடித்தார். ஆனால் இந்த வருடம் பட்டினி இருக்க வேண்டாம் என்றே சொல்வேன். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதை 30/70 பொறுக்காது. சாப்பிடவில்லையே என்று ஆறு நாளும் ஊசியை விட்டால் உடம்பு பொறுக்காது. சில மாதங்களுக்குள் சீனி அப்படித் தாழ்ந்த ஒருவரைப் பட்டினி இருக்க நான் விடமாட்டேன். மரக்கறிச் சாப்பாட்டை நேரத்துக்கு அளவாகச் சாப்பிட்டுக்கொண்டு, செட்டியார்தெருக் கோயிலுக்குப் போய்ப் புராணப் படிப்புக் கேட்டு விரதத்தைக் காத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் சீனி சீராக நின்றால், விரதம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே டொக்டரிடம் சொல்லுங்கள். ஊசியின் வகையையே மாற்றி, ஒருவேளை உணவு விரதத்துக்கு ஏற்ப அமைக்க முடியுமா என்று அவர் பார்ப்பார்.

அயலவர்கள் சொல்லும் “கடைசிக் கட்டம்” என்ற வார்த்தை எனக்கு மிகவும் கோபமூட்டும் வார்த்தை. அதைக் கேட்டுப் பயந்து ஊசியைத் தள்ளிப்போட்டு, கண்ணையும் காலையும் இழந்தவர்களை வாரம்தோறும் பார்க்கிறேன். உங்களுக்கு இருக்கும் இந்த வகை நீரிழிவில், இன்சுலினைச் சுரக்கும் சதையி வருடத்துக்கு வருடம் களைத்துப்போகிறது. பல ஆயிரம் பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு உண்டு. மாத்திரை ஒன்றால் மட்டும் சீனியைக் கட்டி வைத்திருக்க முடிந்தவர்கள் வருடம் போகப்போகக் குறைந்துகொண்டே போனார்கள் என்று அது காட்டியது. நீங்கள் எந்தப் பிழையும் செய்யாமலேயே ஊசிக்கு வந்திருக்கலாம். உங்கள் மகள் இருக்கும் டொரன்டோவில்தான் 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இன்சுலின் போடப்பட்டது. 14 வயதுச் சிறுவன், உடல் எடை 30 கிலோவுக்கும் குறைவு, சாகக் கிடந்தான். அதன்பின் 13 வருடங்கள் வாழ்ந்தான். கடைசிக் கட்டத்தில் இருந்தவன் அவன்; அவனைத் திருப்பிக் கொண்டுவந்தது ஊசி. மகளிடம் இதைச் சொல்லுங்கள், அவளும் உங்கள் ஊசியை நினைத்து அங்கே கவலைப்பட்டுக்கொண்டிருப்பாள்.

பாவித்துக்கொண்டிருக்கும் குப்பியைத் திறந்த திகதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள், நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம். திறக்காதவை குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் இருக்கட்டும், உறைபெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நடந்தபோது மண்பானைக்குள் இன்னொரு சிறு பானையை வைத்து, இடையில் ஈர மணல் போட்டு மருந்தைக் காப்பாற்றியவர்கள் இருக்கிறார்கள். மின்சாரம் போனால் அது இப்போதும் நல்ல வழி.

சென்னைக் குப்பிகள் இரண்டையும் இன்றே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு பையில் போட்டு, “போட வேண்டாம்” என்று பெரிதாக எழுதி அலுமாரியில் வையுங்கள். அவசரமான ஓர் இரவில் மகனோ நீங்களோ அரைத்தூக்கத்தில் அதை எடுத்துவிடக் கூடாது. தூக்கி எறிந்துவிடாதீர்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் பையையும், இப்போது பாவிக்கும் குப்பியையும், ஒரு சிரிஞ்சையும் கொண்டுபோய் மூன்றையும் டொக்டரின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அவருக்கு முன்னால் உங்கள் கையாலேயே 14 கோடுவரை இழுத்துக் காட்டுங்கள்.